கோவெண்டரின் காது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தமிழ் விழாவானாலும் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு ஒரு புலம்பல் உண்டு: நம்ம ஜனங்க தமிழைத் தொலைச்சுட்டாங்க. அதைச் சொல்பவர் இங்கிலீஷில் சொல்வார், கேட்பவர்கள் இங்கிலீஷில் ஆமோதிப்பார்கள், பிறகு ரோமன் எழுத்தில் அச்சடித்த தேவாரத்தைப் பார்த்து எல்லோரும் பாடுவார்கள். மறுக்க முடியாத புலம்பல்தான். 1960-களுக்குப் பிறகு இங்கே தமிழ் வீடுகளில் அடுப்படி வரைக்கும் இங்கிலீஷ் வந்துவிட்டது. ஆனாலும் இந்தப் புலம்பலில் ஏதோ ஒன்று ரொம்ப நாளாக நெருடிக்கொண்டே இருக்கிறது. டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வயதான ஒரு அம்மாள் ஊறுகாயைப் பற்றிப் பேசும்போது, "விச்-ஒன் மை ஆயா மேட், தட்-ஒன் வாஸ் த பெஸ்ட்" என்கிறார். ஆயாவைத் தவிர ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை. ஆனால் இது எந்த ஊர் இங்கிலீஷ்? "எங்க ஆயா எதைப் போட்டாங்களோ, அதுதான் ஒசத்தி." எதை, அதை, எவன், அவன், எப்போ, அப்போ. எலும்புக்கூடு முழுசாக நம்முடையது, மேலே போர்த்திய தோல் மட்டும் இங்கிலீஷ். தொலைத்தது சொல்லை, வாக்கியம் அப்படியே இருக்கிறது.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மொழியியல் அறிஞர் ராஜேந்த் மேஸ்த்ரி இந்தப் பேச்சையே பல ஆண்டுகள் ஆராய்ந்து புத்தகங்கள் எழுதியிருக்கிறார், அகராதியே போட்டிருக்கிறார். ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு முன்பே இதைக் கேட்டு, இதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது என்று நம்பி, மேடையில் ஏற்றியவர்கள் நாடகக்காரர்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ரோனி கோவெண்டர். 1934-இல் டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவர், 2021-இல் மறைந்தவர். பள்ளி ஆசிரியர், விளையாட்டுப் பத்திரிகையாளர், நாடகாசிரியர், இயக்குநர், சிறுகதைக்காரர், எழுபது வயதைத் தாண்டிய பிறகு நாவலாசிரியர். கவுண்டர்தான் இங்கே கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது, நாயுடு நைடூ ஆனது. பேரை எழுதிக்கொண்ட குமாஸ்தாவின் காது அப்படி. இந்தக் கட்டுரை வேறொரு காதைப் பற்றியது.

ஷா அகாடமியும் ஒரு மதுக்கடையும்

எழுத்தாளன் வாழ்க்கையில் திருப்பம் எது என்று கேட்டால் முதல் புத்தகம், முதல் விருது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். கோவெண்டருக்கு விருதும் கிடைத்தது: 'அட் தி எட்ஜ்' கதைத்தொகுப்பு 1996-இல் வந்து, மறு ஆண்டு ஆப்பிரிக்கப் பகுதிக்கான காமன்வெல்த் முதல்நூல் பரிசைப் பெற்றது. ஆனால் திருப்பம் அதற்கு முப்பது வருஷம் முந்தையது. 1960-களின் தொடக்கத்தில் கிருஷ்ணா ஷா என்ற இந்திய இயக்குநர், தாகூரின் 'இருட்டறை ராஜா' நாடகத்தோடு தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். (நியூயார்க்கில் அதே நாடகத்தில் 1961-இல் நடித்துப் பேர் வாங்கியவர் நம்ம நடிகை, பாடகி டி. சூர்யகுமாரி.) வந்தவர் டர்பன் இளைஞர்களுக்கு நாடகப் பயிற்சியும் கொடுத்தார். அதில் பற்றிய தீயில்தான் 1964-இல் ஷா தியேட்டர் அகாடமி உருவானது. கோவெண்டரும், பிறகு நாடகாசிரியராகவும் இயக்குநராகவும் பெயர் பெற்ற முத்தாள் நைடூவும் அந்த வட்டத்துக்காரர்கள்.

அகாடமி என்றதும் கட்டடம், மேடை, விளக்கு என்று கற்பனை பண்ண வேண்டாம். 1965-இல் வெவ்வேறு இனத்தவர் கலந்த பார்வையாளர்களுக்கும் கலப்பு நடிகர் குழுக்களுக்கும் எதிராக அரசாணை வந்த நாடு இது. நல்ல அரங்கெல்லாம் வெள்ளையர்களுக்கு. இருப்பதை வைத்து நாடகம் போட வேண்டும். விளக்கும் செட்டும் கைவிட்ட இடத்தில் மிஞ்சுவது வாய்ச்சொல் ஒன்றுதான். கோவெண்டர் நாடகம் எழுதிப் பழகிய இடம் இது என்பதை மறந்துவிட்டு அவருடைய உரைநடையைப் படிக்க முடியாது.

அங்கிருந்து வந்தது 'தி லானீஸ் ப்ளெஷர்', 1970-களின் நாடகம். டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புக்காட்டு ஊரில், வெள்ளைக்கார முதலாளியின் ஹோட்டலோடு ஒட்டிய, 'வெள்ளையரல்லாதோர்' குடிக்கும் மதுக்கடை. மகளைப் பற்றிய கவலையில் குடிக்க வரும் தொழிலாளி ஒருவர், கடைக்காரர், எங்கிருந்தோ வந்த படித்த ஆள், பிறகு லானீ. லானீ என்றால் வெள்ளைக்காரன், முதலாளி, பகட்டானவன், எல்லாம் சேர்ந்தது. சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல ஆளில்லை. கடைக்குள் பேசுவது முழுக்க அந்த ஜனங்களின் பேச்சு. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். தங்கள் வாய்ப்பேச்சு மேடையில் வருவதைக் கேட்ட சிரிப்பு அது. மதுக்கடை அதற்குப் பிறகு டர்பன் நாடகத்தில் ஒரு குலச்சொத்து மாதிரி ஆகிவிட்டது. கிரிபன் பிள்ளையின் 'லுக்கிங் ஃபார் முருகா' நாடகத்திலும் முருகா ஒரு மதுக்கடைப் பணியாள்தான்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே பேச்சை வைத்து வயிற்றுப் பிழைப்பு நடத்தும் நகைச்சுவைக்காரர்கள் இங்கே நிறைய. அங்கே ஆள் வாயைத் திறந்தாலே சிரிப்பு. அவன் பேசுவது தப்பு, அதனால் சிரிப்பு. மதுக்கடைக் காட்சியிலோ ஒரே ஆள் சக குடிகாரனிடம் ஒரு மாதிரியும், லானீ உள்ளே வந்ததும் வேறு மாதிரியும் பேசுகிறான். வாக்கியம் நிமிர்ந்துகொள்கிறது, குரல் குனிந்துகொள்கிறது. சிரிப்பும் வருகிறது, வந்த சிரிப்பு தொண்டையில் நிற்கவும் செய்கிறது. பேச்சு மாறுகிற அந்தக் கணம்தான் நாடகம். எழுத்துப் பட்டறைகளில் வட்டாரப் பேச்சைச் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்: ஒரு பாத்திரத்துக்கு ஒரு பேச்சு என்று நினைக்கிறார்கள். ஒரு ஆளுக்குக் குறைந்தது மூன்று பேச்சு இருக்கும்.

காதால் எழுதுகிற வேலை

டர்பன் இப்போது யுனெஸ்கோவின் இலக்கிய நகரம், 2017 முதல். 'டைம் ஆஃப் தி ரைட்டர்' விழா 1998-இலிருந்து நடக்கிறது. எழுத்துப் பட்டறைகளுக்கும் குறைவில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பிள்ளைகள் தாத்தா பாட்டி கதையை எழுதிக்கொண்டு வருகிறார்கள். வாரா வாரம் அதே விபத்துகள். அவற்றை எப்படித் தவிர்ப்பது என்பதைக் கோவெண்டரின் பக்கங்களை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். என் கணக்கு இது.

எட்டுப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு இரண்டு பக்கம், இரட்டை இடைவெளியில், சுமார் 500 இங்கிலீஷ் சொல். சத்தமாகப் படித்தால் மூன்றரை நிமிஷம். பேச்சுக்குப் பன்னிரண்டு நிமிஷம். இடையில் ஒரு தேநீரும் சேர்த்து இரண்டரை மணிக்குள் முடிந்துவிடும். எழுதியவர் படிக்கக் கூடாது, பக்கத்து ஆள் படிக்க வேண்டும். இது நாடகக் கொட்டகைப் பழக்கம், காரணம் இருக்கிறது. எழுதினவன் படித்தால் தாளில் இல்லாத ராகத்தை வாய் தானாகச் சேர்த்துவிடும். அடுத்தவன் படிக்கும்போது எங்கே தட்டித் தடுமாறுகிறானோ அங்கே வாக்கியம் பொய். எழுதியவர் கையில் பென்சில் மட்டும். தட்டின இடத்தில் ஒரு கோடு, விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது.

பேச்சைச் சேகரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. போனில் பதிவு செய்வதைவிட, பத்து நிமிஷம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் நினைவிலிருந்து எழுதுவது மேல். பதிவில் 'அம்', 'ஆ', இருமல் எல்லாம் வரும். கற்றுக்குட்டி அத்தனையையும் தாளில் இறக்கிவிடுவான். நினைவு சொற்களைக் கொஞ்சம் தின்னும், ஆனால் வரிசையை விடாது. நமக்கு வேண்டியது வரிசைதான். "ஃபிஷ் கறி ஷி மேட்." மீன்கறிதான் முதலில் வருகிறது, ஆக்கினவள் பிறகு. "டிஃபரன்ட்-டிஃபரன்ட் காய்" என்றால் வேறவேற காய். வாக்கியக் கடைசியில் "இஸ்ன்ட்?" என்றால் இல்லையா. "ஹி இஸ் நாட் கமிங், சேயிங்" என்றால் வரலைன்னு. அந்த 'சேயிங்' நம்ம 'ன்னு'தான், வால் மாதிரி கடைசியில் தொங்குகிறது. "மை மதர்-தெம்" அம்மாவங்க. இதற்கு மட்டும் ஆப்பிரிக்கான்ஸிலும் ஒரு சொந்தக்காரன் உண்டு, அங்கே 'மா-ஹுல்லே' என்பார்கள், அதனால் பங்காளிச் சண்டை. எழுதி முடித்த பிறகு பாதியை அடிக்க வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு மூன்று அடையாளம் போதும்: ஒருத்திக்கு அடுக்குத்தொடரும் 'இஸ்ன்ட்'டும் 'சேயிங்'கும், இன்னொருவருக்குத் தலைகீழ் வரிசை. நாலு வாக்கியத்துக்கு ஒன்றில் வந்தாலே வாசகர் காதில் முழுப்பேச்சும் ஓடத் தொடங்கிவிடும். எல்லா வாக்கியத்திலும் போட்டால் இரண்டாம் பக்கத்தில் களைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய குழி. பேச்சு மாதிரி தெரியட்டும் என்று சொல்லின் வாலை வெட்டி மேற்கோள்குறி போட்டு, எல்லாச் சொல்லையும் நொண்ட வைக்கிறார்கள். அப்படி எழுதினால் பேசுகிறவன் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ற தோற்றம் வந்துவிடும். அவன் என்ன சொல்கிறான் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். பேச்சின் நிறம் சொல்வரிசையில் இருக்கும்போது எழுத்தைக் கடித்துத் துப்ப வேண்டிய தேவையே இல்லை. மூன்று நாலு சொல்லுக்கு மேல் கூட்டலை மாற்றக் கூடாது, மாற்றினதைக் கடைசி வரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் இலக்கணத் திருத்தியையும் அணைத்துவிட வேண்டும். 'சேயிங்'கின் கீழே அது போடும் கோட்டைப் பார்த்துப் பார்த்து, எழுதுபவரே ஒரு நாள் பயந்துபோய் அதை எடுத்துவிடுவார்.

அடுத்த சோதனை எளிது. உரையாடலில் பேசுபவர் பெயரையெல்லாம் மறைத்துவிட்டுக் கொடுங்கள். யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெரும்பாலும் தலைமுறைக் கோளாறு. 1949-இல் கேட்டோ மேனரில் இருந்த ஆயா இங்கிலீஷே பேசியிருக்க மாட்டார். வீட்டில் தமிழ், சந்தையில் சுலுக்காரர்களோடு ஃபனகலோ என்ற கலப்புச் சந்தைமொழி. அவருடைய மகன் தமிழ் எலும்புக்கூட்டின் மேல் இங்கிலீஷைப் போர்த்திப் பேசுவான். பேத்தி டெலிவிஷன் இங்கிலீஷ் பேசுவாள், ஆயாவிடம் வரும்போது மட்டும் வாக்கியம் வளையும். மூன்று பேருக்கும் ஒரே பேச்சைக் கொடுத்தால் குடும்பமே ஒரே வயதில் உட்கார்ந்திருக்கும். இதைவிட மோசமான கோளாறு சுலுப் பாத்திரங்களில். ஃபனகலோவை உடைந்த இங்கிலீஷாக எழுதி, வளர்ந்த ஆளைக் குழந்தையாக்கிவிடுகிறார்கள். அவன் தன் மொழியில் நம்மைவிடச் சரளமாகப் பேசுகிறவன். உடைந்திருப்பது சந்தைப் பேச்சு மட்டும். கோவெண்டரின் '1949' கதையில் வரும் டுமிசானேவைப் படித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். அதிலும் ஆப்பிரிக்கர்கள்தான் அதிகம், 87 பேர். இந்தியர்கள் 50 பேர். இந்தியக் குடும்பத்தின் பக்கம் நிற்கிற சுலுக்காரன் அந்தக் கதையின் நடுவில் இருக்கிறான். அவனுக்கு முழு மனசு கொடுக்காமல் அந்தக் கதையை எழுதவே முடியாது. ஜெய்லோஷினி நைடூ என்ற நடிகை அந்தக் கதையைத் தனியொருத்தியாக மேடையில் செய்திருக்கிறார். ஒரே உடம்பு, அத்தனை ஆள். வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக எழுதப்பட்டிருந்தால்தான் அது சாத்தியம். 'அட் தி எட்ஜ்' கதைகளையும் சார்ல்ஸ் பிள்ளை அப்படித்தான் ஒற்றை ஆளாக நடித்தார். புத்தகமாவதற்கு முன்பே வாயில் அடிபட்டுத் தேய்ந்த வாக்கியங்கள் அவை.

இதனால்தான் என் கணக்கில் சிறுகதைகள்தான் அவருடைய உச்சம். 2006-இல் வந்த 'சாங் ஆஃப் தி ஆத்மன்' நாவலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாவலுக்கு நடிகன் கிடையாது, ஒத்திகை கிடையாது. யாரும் தட்டித் தடுமாறிக் காட்டாத பக்கங்கள் அதில் இருக்கின்றன, கதைசொல்லி பாத்திரங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார். வேறு மாதிரி நினைப்பவர்கள் இருக்கலாம், இருக்கட்டும்.

சாய்ந்த எழுத்து

கையெழுத்துப் படி பதிப்பகத்துக்குப் போனதும் புதுத் தொல்லை. ஆயா, தாத்தா, பொட்டு, காவடி எல்லாம் சாய்வெழுத்தில் திரும்பி வரும். சாய்வெழுத்து என்றால், பேசுகிறவள் வாயில் சாதாரணமாக வந்த சொல்லை வாசகருக்காகக் கைகாட்டி விடுவது. எந்த ஆயாவும் 'ஆயா' என்ற சொல்லைச் சாய்த்துச் சொல்வதில்லை. அதற்கு அடுத்த வியாதி, கமா போட்டு அர்த்தம் சொல்வது: "தாத்தா, அதாவது என் பாட்டனார், உள்ளே வந்தார்." சொந்த வீட்டுக்குள் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், வெளியாள் ஒருவர் கதவோரம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே எல்லோரும் 'பாரிட்ஜ் ப்ரேயர்' என்கிறார்கள். இரண்டும் இங்கிலீஷ் சொல், அதனால் எந்த எடிட்டரும் கோடு போடுவதில்லை. வெளியூர் வாசகருக்குக் காவடியைவிட அதுதான் புரியாது. தமிழர்களைப் 'பாரிட்ஜ்-ஓ' என்றும் இந்திக்காரர்களை 'ரொட்டி-ஓ' என்றும் சீண்டுவதன் வரலாறும் அந்தக் கூழ்ப்பானைக்குள்தான் இருக்கிறது.

இதற்கு வைத்தியம் ஒரு பக்கத் தாள். படியை அனுப்பும்போதே கூட அனுப்ப வேண்டும்: என்னென்ன சொல், எப்படிக் கூட்டல், எல்லாம் நிமிர்ந்த எழுத்தில், எந்தெந்த வாக்கிய அமைப்பு வேண்டுமென்றே வைத்தது. 'சேயிங்' கடைசியில் வருவது பிழையில்லை என்று உதாரணத்தோடு எழுதி வைக்காவிட்டால் திருத்துபவர் நல்லெண்ணத்தோடுதான் அடிப்பார். அருஞ்சொற்பொருள் கட்டாயம் என்று அடம் பிடித்தால் நூலின் கடைசியில், ஒரு பக்கத்துக்கு மிகாமல். அடிக்குறிப்பாக மட்டும் விடக் கூடாது. சிரிப்பு வரும் இடத்தில் கண் கீழே இறங்கிவிட்டால் சிரிப்பு போச்சு.

தமிழில் கொண்டுவந்தால்

இவ்வளவும் இங்கிலீஷில் எழுதுபவர்களுக்கு. தமிழ் வாசகருக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இந்தப் பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? மதுக்கடையில் ஒருவன் இப்படிச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம் (வாக்கியம் என்னுடையது, எந்த நாடகத்திலிருந்தும் எடுத்ததல்ல): "விச்-டைம் த லானீ கம்ஸ், தட்-டைம் யூ ஒன்லி மஸ்ட் டாக், ஐ டோல்ட், இஸ்ன்ட்?" இங்கிலீஷ்காரர் காதுக்கு இது கோணல்மாணல். தமிழில் போட்டால்: "லானீ எப்போ வரானோ அப்போ நீதான் பேசணும்னு சொன்னேன், இல்லையா?" ஒரு கோணலும் இல்லை. வழுவழுவென்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. இங்கிலீஷில் ஊரார் அவனைப் பார்த்துச் சிரித்த அத்தனையும் தமிழில் ஒழுங்கான இலக்கணம். மாறாக, லானீ பேசும் சுத்தமான இங்கிலீஷைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவருக்கு இது நஷ்டமும்தான். கோணல் போனால் குனிவும் போய்விடும், லானீ முன்னால் பேச்சை மாற்றிக்கொள்ளும் அந்தக் கணம் மறைந்துவிடும். எனக்குத் தோன்றுகிற ஒரு வழி: கடைக்குள் பேச்சை வட ஆர்க்காட்டுப் பேச்சுத்தமிழில் வைத்து, சுலு, ஆப்பிரிக்கான்ஸ் சொற்களைத் தொடாமல் விட்டு, லானீயைக் கஞ்சி போட்ட அச்சுத்தமிழில் பேச வைப்பது. அவன் உள்ளே வந்ததும் மற்றவர்களும் 'வருகிறேன்', 'செய்கிறேன்' என்று கஞ்சிக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும். 'லானீ'க்கு என்ன சொல் என்று யோசித்தால் 'தொரை' உடனே நாக்கில் வரும், அர்த்தமும் அச்சாகப் பொருந்தும். பகட்டாக உடுத்தினவனை 'பெரிய தொரை' என்று நக்கலடிப்பது உட்பட. ஆனால் தொரை என்றதும் தேயிலைமலை வந்துவிடுகிறது, குளிர் வந்துவிடுகிறது. மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புக்காட்டின் வேர்வை வரவில்லை. அதனால் லானீயை லானீயாகவே, நிமிர்ந்த எழுத்தில், விட்டுவிடலாம் என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.